இருவர் மட்டும் சிறு விமானத்தில்: முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும். சனிக்கிழமை காலையில் மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி நகர்வதே பெரும்பாடு. திருமண நாளுக்கோ வார இறுதிக்கோ இருவர் மட்டும் சிறு விமானத்தில் போய்வந்தால் என்ன என்று கோவை, திருப்பூர் பக்கம் வசதியுள்ள தம்பதிகளுக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் விமானத்தில் ஏறும் பயணிக்கும் சில பொறுப்புகள் உண்டு.

முதலில் ஊர் நிலவரம். ஊட்டியிலோ வால்பாறையிலோ விமான நிலையம் கிடையாது. கோவை பீளமேடு விமான நிலையத்தில் கிளம்பினாலும் மைசூரு, கொச்சி, புதுச்சேரி போல ஓடுபாதை உள்ள ஊரில்தான் இறங்க முடியும். அங்கிருந்து கார்தான்.

வாடகை விமானமா, சொந்த விமானமா?

ஓன்-போர்டு காரை வாடகைக்கு விடக் கூடாது, அதற்கு டி-போர்டு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். விமானத்திலும் அதே கதைதான். வாடகைக்கு ஆள் ஏற்றும் நிறுவனம், டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் என்எஸ்ஓபி என்ற அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் விமானத்தின் வி.டி. என்று தொடங்கும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி அதில் சரிபாருங்கள்.

விமானியின் உரிமமும் முக்கியம். தனியார் விமானி உரிமம் 40 மணி நேரப் பறப்பிலேயே கிடைத்துவிடும்; வணிக உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் வேண்டும். தனியார் உரிமம் உள்ளவர் நண்பர்களை ஏற்றிப் போகலாம், காசு வாங்கக் கூடாது. “நம்ம பையன்தானுங்க ஓட்டறான், பெட்ரோலுக்கு மட்டும் குடுங்க, போதும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தனியார் விமானியும் பயணியும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நம் விமான விதிகளோ, எந்த வகைக் கைமாறு பெற்று ஆள் ஏற்றினாலும் அது பொதுப் போக்குவரத்து என்கின்றன. எரிபொருள் காசும் அதில் மாட்டிக்கொள்ளும்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் மரணமே சாட்சி. 2019 ஜனவரி 21 இரவு பிரான்சின் நாந்த் நகரிலிருந்து கார்டிஃப் கிளம்பிய அவரது சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. விமானியிடம் தனியார் உரிமம் மட்டுமே இருந்தது. இரவில் பறக்கத் தகுதி இல்லை. சாலாவின் இரத்தத்தில் ஆபத்தான அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தது. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

மலையும் மேகமும்

1999 ஜூலை 16 வெள்ளிக்கிழமை இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு உறவினர் திருமணத்துக்குத் தானே விமானம் ஓட்டிப் போனார். கடல்மேல் புகைமூட்டம். மேல் எது, கீழ் எது என்று தெரியாத திசைமயக்கத்தில் விமானம் கட்டுப்பாடு இழந்து விழுந்தது, மூவரும் இறந்தனர். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி அவரிடம் இல்லை.

நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று முற்பகல் 11.48க்குச் சூலூரில் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர், சுமார் 20 நிமிடத்தில் குன்னூர் அருகே நொறுங்கியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேரும் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் வந்த திசைமயக்கமுமே காரணம் என்றது முப்படை விசாரணை. தேர்ந்த விமானிகளுக்கே இந்த நிலை என்றால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்திலும் ஐப்பசி இடிமழையிலும் அனுபவம் குறைந்தவர் கையில் உயிரை ஒப்படைக்கலாமா?

உங்கள் உரிமைகள்

அனுமதி பெற்ற வாடகை விமானத்தில் விபத்து நேர்ந்தால், 1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டப்படி இழப்பீடு கோரலாம். வழக்கை 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நண்பரின் சொந்த விமானத்தில் இலவசமாகப் போயிருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் ஆயுள், விபத்துக் காப்பீடுகளில் சிறு விமானப் பயணத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

பணம் வாங்கிவிட்டுப் பயணத்தை ரத்து செய்தாலோ, சொன்ன விமானத்தைத் தராவிட்டாலோ அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை; வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. அனுமதியில்லாமல் வாடகைக்கு ஓட்டுபவர்கள் பற்றி டிஜிசிஏவின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விமானத்தின் பதிவு எண் தெரியும் படம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

ஓட்டல் அறை பதிவாகிவிட்டது, கட்டிய பணம் போய்விடும் என்ற அவசரம் பயணியிடமிருந்து விமானிக்கும் தொற்றிக்கொள்ளும். ஆகவே “வானிலை காரணமாக விமானி மறுத்தால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும், அல்லது வேறு தேதி தரப்படும்” என்ற வரியை எழுத்தில் கேளுங்கள். உடல் எடையையும் பெட்டி எடையையும் குறைத்துச் சொல்லாதீர்கள். சிறு விமானத்தின் சமநிலையே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. வானிலை பற்றிய அந்த ஒரு வரியை எழுதித் தர மறுக்கும் நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் முன்பணம் கட்டாதீர்கள்.