பழைய வீடும் பங்குரிமையும்

முன்னுரை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவதன் அருமையை இப்பழமொழி நன்கு உணர்த்துகின்றது. ஆயின், பிறர் கட்டி வாழ்ந்த வீட்டை வாங்குவதும் அதனினும் எளிதன்று. இன்று ஊரின் நடுவே வெற்று மனை கிடைப்பது அரிதாகிவிட்டது. முதன்முதலாகச் சொந்த வீடு காண விழையும் ஆசிரியரும் அலுவலரும், கடல் கடந்து உழைத்துச் சேமித்தவரும், பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் கடைத்தெருவிற்கும் அருகிலுள்ள பழைய வீட்டையே நாடுகின்றனர்.

அவ்வாறு நாடுவோர் முதலில் சுவரைப் பார்க்கின்றனர், கூரையைப் பார்க்கின்றனர், பிறகு விலையைக் கேட்கின்றனர். உரியவர் யார் என்பதைக் கடைசியில் கேட்கின்றனர். இவ்வரிசை தலைகீழாதல் வேண்டும். பழைய வீட்டை வாங்குபவர் செங்கல்லையும் மரத்தையும் மட்டும் வாங்குவதில்லை. அவ்வீட்டில் வாழ்ந்து மறைந்தோர் விட்டுச்சென்ற உரிமைகளின் வரலாற்றையும் சேர்த்தே வாங்குகின்றார். இக்கருத்தை நம் சமுதாயச் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாரிசு என்னும் சொல்

நம் ஊர்ப் பத்திரங்களில் பயிலும் சொற்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வாரிசு, வக்கீல், தாவா, பைசல், வசூல், பாக்கி முதலியன அரபு மூலத்தினின்று வந்து தமிழில் நிலைபெற்றவை. தமிழகத்துச் சொத்துரிமை வழக்கில் எல்லாச் சமயத்தாரும் ‘வாரிசு’ என்னும் சொல்லையே ஆள்கின்றனர். சொல்லை எல்லார்க்கும் வழங்கிய மரபினராகிய நாம், அச்சொல்லின் பொருளை வீட்டு விற்பனையில் மறந்துவிடலாகாது.

இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் இறந்த அக்கணமே அவர்தம் வாரிசுகள் ஒவ்வொருவர்க்கும் குறிப்பிட்ட பங்கு உரியதாகிவிடுகின்றது. எவரும் பிரித்துக் கொடுத்த பின்னர்தான் உரிமை பிறக்கும் என்பதில்லை. மூத்த மகன் குடும்பத்தலைவராக இருப்பதால் மட்டும் மற்றவர் பங்கை விற்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடுவதுமில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இந்திய முஸ்லிம்களின் வாரிசுரிமை ஷரீஅத்தின்படியே அமைய வேண்டும் எனக் கூறுகின்றது.

எட்டில் நான்கு

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மனைவி, இரு புதல்வர், மூன்று புதல்வியர் ஆகியோரை விட்டு ஒருவர் இறக்கின்றார். அவர்க்குப் பெற்றோர் இல்லை. கடனும் மரணசாசனமும் இல்லை எனக் கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு பங்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்னும் முறையில் பிரியும். புதல்வர் ஒவ்வொருவர்க்கும் எட்டில் இரண்டு. புதல்வியர் ஒவ்வொருவர்க்கும் எட்டில் ஒன்று.

இரு புதல்வர் மட்டும் கையொப்பமிட்டு அவ்வீட்டை விற்றால் வாங்குபவர்க்குச் சேர்வது எட்டில் நான்கு. முழு விலை கொடுத்தவர் பாதி வீட்டிற்கே உரியவர் ஆகின்றார். அப்பாதியிலும் உடனே குடிபுக இயலும் என்பதற்கில்லை. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய அயலார், அக்குடும்பத்தாருடன் கூட்டாக உடைமை கொள்ள உரிமை பெறார் என 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் (பிரிவு 44) கூறுகின்றது. பாகப்பிரிவினை வழக்கே அவருக்கு எஞ்சிய வழி.

‘சகோதரிகளுக்குத் திருமணத்தின்போதே நகை போட்டாயிற்று, பங்கு முடிந்தது’ என்று கூறுவோர் உளர். அன்பளிப்பு வேறு, வாரிசுப் பங்கு வேறு. தந்தை உயிரோடிருந்த காலத்தில் மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்தாள் என்பதும் பொதுவாகச் சட்டத்தில் நில்லாது. பிறவாத உரிமையைத் துறத்தல் எங்ஙனம்? தந்தையின் மறைவுக்குப் பின் அவள் மனமுவந்து விட்டுத் தருவதாயின், பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும். அவளும் காலமாகியிருப்பின், அவள் பங்கு அவள் கணவர்க்கும் பிள்ளைகளுக்கும் உரியது. இரண்டு தலைமுறை கடந்த வீட்டில் வாரிசுகள் இருபது பேராவதும் உண்டு. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று இவர்களை அறிய உதவும். எனினும் ஒவ்வொரு இறப்புக்கும் தனித்தனியே அதனைப் பெற்றுக் கணக்கிடுதல் வேண்டும்.

ஆவணம் சொல்வதும் சொல்லாததும்

வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றவுடன் மன அமைதி கொள்வோர் பலர். அச்சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகளையே காட்டும். பதிவாகாத உரிமைகளை அது காட்டாது. இறப்பினால் வரும் வாரிசுரிமை பதிவைச் சார்ந்ததன்று. மூலப்பத்திரத்தை அடகாக ஒப்படைத்துப் பெற்ற கடன் பதிவாகாதிருப்பின் அதுவும் சான்றில் வாராது. ஆகவே நகலோடு அமையாது, மூலப்பத்திரங்களின் அசலை நேரில் காணுதல் இன்றியமையாதது.

ஹிபா எனப்படும் கொடை நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. கொடுப்பவர் வழங்குதல், பெறுபவர் ஏற்றல், உடைமையை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவுற்றால் ஹிபா செல்லும். அதற்கு எழுத்தோ பதிவோ கட்டாயமன்று. எழுதி வைத்ததனாலேயே பதிவு கட்டாயமாகிவிடாது என 2011இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அத்தகைய ஊர்களில் பத்திரம் தந்தையின் பெயரில் இருக்க, வீடு மகளுடையதாய் இருத்தல் கூடும். இதனைச் சான்று சொல்லாது. தெருவிலுள்ள பெரியோர் சொல்வர்.

எனவே அவ்வீட்டில் உண்மையில் குடியிருப்பவர் யாவர், எந்த உரிமையில் இருக்கின்றனர் என்று நேரில் வினவுதல் வேண்டும். குடியிருப்பவர்க்கு உள்ள உரிமையை வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் கொள்ளும். கைம்பெண்ணாய் வந்து பின்கட்டில் வாழும் சகோதரியைப் பார்த்தும் வினவாதிருந்தவர், பிற்காலத்தில் ‘நான் அறியேன்’ என்று வாதிடல் இயலாது.

சிறார் பங்கும் வக்ஃபு மனையும்

வாரிசுகளில் வயது வராத பிள்ளைகள் இருப்பின் எச்சரிக்கை மிகவும் வேண்டும். இஸ்லாமியச் சட்டத்தில், தந்தையும் தந்தையின் தந்தையும் அவர்கள் நியமித்தோருமே சிறார் சொத்துக்குச் சட்டப்படியான காப்பாளர் ஆவர். தாயோ சிற்றப்பரோ நீதிமன்றத்தின் நியமனமும் அனுமதியும் இன்றிச் சிறார் பங்கை விற்றால் அவ்விற்பனை செல்லாது. 1918இலேயே பிரிவி கவுன்சில் இதனை உறுதி செய்துள்ளது. யதீம்களின் பொருளைக் குறித்துத் திருக்குர்ஆன் விடுத்துள்ள கடும் எச்சரிக்கையை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

மனை வக்ஃபுக்கு உரியதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். ஒருமுறை வக்ஃபு செய்யப்பட்ட சொத்து விற்கப்படாது, அன்பளிக்கப்படாது, வாரிசுரிமையாகாது என்பது கைபர் நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்த நிகழ்ச்சியால் நாம் பெறும் நெறியாகும். கட்டடம் ஒருவருடையதாகவும் மனை வக்ஃபுடையதாகவும் உள்ள இடங்களும் உண்டு. வக்ஃபு வாரியத்தின் பட்டியலையும் ஊர் ஜமாஅத்தின் ஏடுகளையும் ஒப்புநோக்குதல் நன்று.

சுவரும் கூரையும்

உரிமை தெளிந்த பின்னரே கட்டடத்தை ஆராய்தல் முறை. பழைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிய ஒட்டுக்கூரை உடையவை. மழைக்காலத்தில் ஒருமுறையேனும் அவ்வீட்டைப் பார்த்தல் நலம். உத்தரங்களின் முனைகள் சுவருள் புகும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் முதலில் சேரும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அடித்தளம் இறங்கியதைக் காட்டக்கூடும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிச் சில வாரம் விட்டுவைத்தால், அது உடைவதைக் கொண்டு விரிசல் வளர்வதை அறியலாம். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசியிருப்பின் உள்ளீரம் வெளியேற வழியின்றி உப்புப் பூக்கும். கடற்கரை ஊர்களின் கான்கிரீட் தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்துள்ளதா எனவும் காண வேண்டும்.

விற்பவர்க்கும் கடமை உண்டு. தாம் அறிந்ததும், வாங்குபவர் எளிதில் காண இயலாததுமான குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்பது சட்டம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள்.

உடன்படிக்கை முதல் பட்டா வரை

முன்பணம் கொடுக்கும்போதே எல்லா வாரிசுகளும் கையொப்பமிட்ட கிரய உடன்படிக்கை எழுதப்பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இவ்வுடன்படிக்கையும் பதிவு செய்யப்படுதல் கட்டாயம். வெளிநாட்டிலுள்ள வாரிசு அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அவர் உயிருடன் இருக்கின்றாரா என்பதை உறுதி செய்தல் வேண்டும். பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் இறக்கும். அதிகாரப் பத்திரம் மட்டும் கொண்டு வீடு வாங்கியதாகாது என்பதும் 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு.

செலவையும் முன்னரே கணக்கிடுதல் வேண்டும். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்ந்த 7 விழுக்காட்டோடு அதனைக் கூட்டினால் 9 விழுக்காடாகும். பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு ஆகியவற்றைப் பெயர் மாற்றுதல் வேண்டும். பதிவு என்பது ஆவணத்தைப் பதிவதே. விற்றவர்க்கு உரிமை இருந்தது என்பதற்கு அரசு தரும் பிணை அன்று.

முடிவுரை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதாகும். மார்க்கம் இத்துணை வலியுறுத்திய ஒன்றை நாம் வெறும் அலுவலகச் சடங்காகக் கருதலாகாது.

இறுதியாக ஒன்று. பழைய வீட்டை வாங்க முற்படுவோர், ‘பத்திரத்தில் எத்தனை பேர் கையொப்பமிடுகின்றனர்?’ என்று கேட்பதோடு நில்லாது, ‘கையொப்பமிட வேண்டியவர் எத்தனை பேர்?’ என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு ஒருவர் உறுதியாக நின்றால், பல ஆண்டுகளாக மறுக்கப்பட்ட ஒரு சகோதரியின் பங்கு அவ்விற்பனையின் வாயிலாகவே அவள் கைக்குச் சேரும். வாங்குபவரின் எச்சரிக்கை அவர்தம் பொருளைக் காப்பதோடு, பிறர் உரிமையையும் மீட்டுத் தருகின்றது. உரியவர் அனைவரும் தத்தம் பங்கைப் பெற்று மனநிறைவோடு விட்டுச் செல்லும் வீட்டில் குடிபுகுவோர்க்கு வல்ல இறைவன் அமைதியும் பரக்கத்தும் அருள்வானாக.