120 மணி நேரமும் ஒரு புதன்கிழமையும்

கடந்த கல்வியாண்டின் தொடக்கத்தில், எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் வணிகவியல் முதுகலை ஆசிரியர். "பெரிசா ஒண்ணுமில்ல சார், கேம்ப் நடத்தணும், ரிப்போர்ட் அனுப்பணும்" என்றார் முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓராண்டுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. மாற்றியவர்கள் மாணவர்கள்தான்.

திட்டம் என்ன சொல்கிறது?

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. சேவையின் வழியாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பதே இதன் முதன்மை நோக்கம். வழிகாட்டுக் கையேட்டில் இந்த வரியைப் படித்தேன். ஆனால் அதன் பொருள் எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

முதல் தவறு: கேட்காமல் செய்தது

எங்கள் பிரிவில் 50 பேர். நன்றாகப் படிப்பவர்கள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குபவர்கள் என்று பார்த்துப் பார்த்து 49 பேரைச் சேர்த்தேன். எண்ணிக்கை நிரம்ப ஒருவர் தேவைப்பட்டபோது, தொழிற்கல்விப் பிரிவு மாணவன் ஒருவனின் பெயரை எழுதிக்கொண்டேன். அவன் வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் அப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விடுவான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விடுப்புகள் வரிசையாக இருக்கும். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிடுவான் என்பதே எங்கள் ஆசிரியர் அறையின் கணிப்பு.

ஆகஸ்ட் மாதம் ஊர்க் குளக்கரையைச் சுத்தம் செய்தோம். 50 பேரும் வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். படம் எடுத்தோம், மணிக்கணக்கை எழுதினோம். பத்தே நாளில் கரை மறுபடி குப்பைமேடானது. அங்கிருந்த ஒரு பெரியம்மா சொன்னார்: "குப்பை வண்டி எங்க தெரு வரைக்கும் வராதுப்பா. நாங்க வேற எங்க கொட்டுறது?" சேவையைத் தொடங்கும் முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை முடித்த பிறகுதான் கேட்டோம்.

எனவே காலாண்டு விடுமுறையில் நடந்த சிறப்பு முகாமில் முதல் இரண்டு நாளைக் கேட்பதற்கென்றே ஒதுக்கினோம். மாணவர்கள் இருவர் இருவராக வீடு வீடாகச் சென்றார்கள். குப்பை வண்டிக்கான கோரிக்கையை ஊராட்சித் தலைவரிடம் மனுவாகக் கொடுத்தோம். பல வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு குறை, நாங்களே செய்யக்கூடியதாக இருந்தது: "நாங்க வேலை முடிஞ்சு வர இருட்டிடுது. பிள்ளைய உக்கார வெச்சுப் படிக்க வைக்க ஆளில்ல."

அண்ணன்மாரும் அக்காமாரும்

அக்டோபரில் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வாசிப்பு நேரத்தைத் தொடங்கினோம். புதன், வெள்ளி மாலைகளில் 40 நிமிடம். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைப் புத்தகங்கள் அங்கே இருந்தன. எந்தப் பிள்ளைக்கு எந்த நிலை என்பதை அந்தப் பள்ளி ஆசிரியர்களே சொன்னார்கள். பாடம் நடத்துவது எங்கள் மாணவர்களின் வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வாசிப்பதைக் கேட்க வேண்டும். தடுமாறினால் அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும்.

நன்றாகப் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு இந்தக் காத்திருப்பு வரவில்லை. பிள்ளை எழுத்துக் கூட்டுவதற்குள் இவர்களே சொல்லிவிடுவார்கள். ஐம்பதாவதாகச் சேர்த்த அந்த மாணவனோ பேசாமல் காத்திருந்தான். அவனுக்கே சரளமாக வாசிக்க வராது என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். ஒருநாள் நூலக அலமாரியிலிருந்து இரண்டு 'நட' புத்தகங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா சார்? நாளைக்கு அவன் முன்னாடி நான் திக்கக் கூடாதுல்ல" என்றான். எந்தத் தேர்வுக்காகவும் அவன் புத்தகம் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது தவறு: சொல்லாமல் நிறுத்தியது

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது. வாசிப்பு நேரத்தை நிறுத்தினேன். எங்கள் மாணவர்களுக்குச் சொன்னேன். தொடக்கப் பள்ளிக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் போனில் அழைத்தார். "பிள்ளைங்க ரெண்டு நாளும் வராந்தாவுல புத்தகத்தோட உக்காந்திருந்தாங்க சார். உங்க பையன் ஒருத்தன் மட்டும் புதன்கிழமை வந்தான். எல்லாருக்கும் அவனே கதை வாசிச்சான்."

யார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவனை அழைத்து விசாரித்தபோது, "வர்றேன்னு சொல்லியிருந்தேன் சார்" என்றான்.

அன்று இரவு பதிவேட்டைப் புரட்டினேன். அக்டோபரிலிருந்து திங்கட்கிழமைகளில் விடுப்பு இருந்தது, வியாழக்கிழமைகளில் இருந்தது. ஒரு புதன்கிழமைகூட இல்லை. எங்களில் யார் சொல்லியும் பள்ளிக்கு ஒழுங்காக வராதவன், தனக்காகக் காத்திருக்கும் ஒரு நான்காம் வகுப்புப் பையனுக்காக வந்திருக்கிறான். கையேட்டில் படித்த அந்த வரி எனக்குப் புரிந்தது அன்றுதான்.

ஜனவரியில் அவனது பெற்றோரைச் சந்தித்தேன். பதிவேட்டைக் காட்டி, புதன்கிழமைகளைச் சுட்டிக்காட்டினேன். பையனைப் பற்றிப் பள்ளியிலிருந்து நல்ல செய்தி வந்தது அதுவே முதல்முறை என்றார் அவன் அம்மா. விடுமுறை நாட்களில் மட்டும் வேலைக்கு அழைப்பதாக அப்பா ஒப்புக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மார்ச் வரை மேலும் நான்கு நாள் விடுப்பு எடுத்தான். ஆனால் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான்.

உங்கள் பள்ளியில் தொடங்குவதானால்

எங்கள் தவறுகளிலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட நடைமுறைகள் இவை:

1. ஊரைக் கேட்ட பிறகு பணியை முடிவு செய்யுங்கள்.

2. ஒருநாள் பெரிய வேலையைவிட, ஆண்டு முழுவதும் தொடரும் சிறிய வேலை மேல். தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் தேர்வுக்கால இடைவெளிகளையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

3. தன்னார்வலர்களில் பாதிப்பேராவது பின்தங்கியவர்கள், அடிக்கடி விடுப்பு எடுப்பவர்கள், கூச்சப்படுபவர்களாக இருக்கட்டும்.

4. ஒவ்வொரு முறையும் முடிந்தவுடன் பத்து நிமிடம் வட்டமாக உட்காருங்கள். இன்று என்ன நடந்தது, எது கடினமாக இருந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று மாணவர்களே பேசட்டும். அனுபவம் கற்றலாவது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

5. பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரு தரப்புப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். வாசிப்பு திறந்த வராந்தாவில், ஓர் ஆசிரியரின் பார்வையில் நடக்க வேண்டும். எந்த மாணவரும் ஒரு பிள்ளையுடன் தனியறையில் இருக்கக் கூடாது. அடி, பசி, பயம் என்று ஒரு பிள்ளை எதைச் சொன்னாலும், அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் அன்றே ஆசிரியரிடம் சொல்லும்படி தன்னார்வலர்களைப் பழக்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இரு பள்ளிகளின் சுவரிலும் இருக்கட்டும்.

6. மணிக்கணக்கோடு வருகைப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள். யார் எந்த நாளில் தவறாமல் வருகிறார் என்பது நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்லும்.

இந்த ஆண்டுக்கான 50 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டியலை ஐம்பதாவது பெயரிலிருந்து எழுதத் தொடங்கினேன். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். யாருக்குக் காத்திருக்கத் தெரியும் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.