நான்கு தலைமுறைத் தோழன்

1937ஆம் ஆண்டு வெளிவந்த 'எலிஃபண்ட் பாய்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைக் காண்போருக்கு, அதன் சிறுவன் நடிக்கின்றான் என்ற எண்ணமே எழுவதில்லை. யானையின் மீது அவன் ஏறும் விதமும் அதனுடன் பேசும் விதமும் பயிற்சியால் வந்தவையல்ல. மைசூரு சமஸ்தானத்தின் காரபுரத்தில் 1924இல் ஒரு பாகனின் மகனாகப் பிறந்த சாபு, பெற்றோரை இழந்து, அரண்மனை யானைக் கொட்டிலிலேயே வளர்ந்தவன்.

லண்டன் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவுக்காக இப்படத்தை எடுக்க 1935இல் மைசூருக்கு வந்தவர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. பனிப்பிரதேச மக்களின் வாழ்வைப் படமாக்கிப் புகழ் பெற்ற அமெரிக்கர் அவர். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தம் யானைகளைக் கொடுத்துதவினார். சித்தரஞ்சன் அரண்மனை படக்குழுவின் இருப்பிடமாயிற்று. கதாநாயகனைத் தேடியலைந்த ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் போரடெயிலின் கண்ணில் சாபு பட்டான். அப்போது அவனுக்கு வயது 11. கதையில் வரும் காலா நாகன் என்னும் யானையாகத் தோன்றியது அரண்மனை யானை ஐராவதம்.

ருட்யார்டு கிப்ளிங் எழுதிய சிறுகதையே படத்தின் மூலம். தூமை என்னும் சிறுவனின் குடும்பத்துக்கு நான்கு தலைமுறைகளாகத் தோழனாக இருப்பது காலா நாகன். காட்டு யானைகளைப் பிடிக்கும் அரசுப் பணிக்குப் பீட்டர்சன் என்னும் வெள்ளைக்கார அதிகாரி ஆள் சேர்க்கிறார். தூமையின் தந்தையும் காலா நாகனும் அதில் சேர்கின்றனர். தாயில்லாப் பிள்ளையைத் தனியே விட்டு வர இயலாது என்பதால் தூமையும் உடன் செல்ல அனுமதி கிடைக்கிறது. காட்டில் ஒருநாள் புலியால் தந்தை மாண்டுபோக, துயரம் தாளாத யானை முகாமையே கலக்குகிறது. பெரியவர்கள் எவராலும் அதனை நெருங்க இயலவில்லை. சிறுவனின் குரலுக்கே அது அடங்குகிறது. தந்தையை இழந்தவன் தன் துயரத்தை மறந்து, தன்னினும் மூத்த ஒரு ஜீவனைத் தேற்றுகின்ற அந்த இடமே படத்தின் உயிர்நிலை என்பேன்.

ஆயினும் பாகனாவதற்கு அவன் வயது போதாது என்று கருதிய பீட்டர்சன், யானையை வேறொரு கொடிய பாகனிடம் ஒப்படைக்கிறார். அவன் அடிக்க, யானை அவனைக் காயப்படுத்துகிறது. சட்டப்படி அதனைக் கொல்ல வேண்டும் என்கிறான் அவன். பீட்டர்சன் அவனை மிரட்டி, 100 ரூபாய் கொடுத்து இணங்க வைக்கிறார். இது தெரியாத தூமை, யானையோடு இரவில் காட்டுக்குள் ஓடிவிடுகிறான். அங்கேதான், பல வாரங்களாகத் தேடியும் எவர் கண்ணுக்கும் அகப்படாத காட்டு யானைக் கூட்டத்தை அவன் காண்கிறான்.

பீட்டர்சனுக்கும் சிறுவனுக்கும் இடையிலான அன்பைப் பலர் பாராட்டுவர். எனக்கு அது ஓர் எசமானின் பரிவாகவே தோன்றுகிறது. யானையைக் காப்பாற்றியவரும் அவரே, அதனைக் கொடியவன் கையில் கொடுத்தவரும் அவரே. மூத்த வேட்டைக்காரன் மச்சுவா அப்பா சிறுவனைத் தன் சீடனாக ஏற்க முன்வருவதில்தான் தலைமுறை கடந்த தோழமை தெரிகிறது. மற்றொன்றும் உறுத்துகிறது. தன் ஒரு யானையை உயிரினும் மேலாக நேசிக்கும் தூமையே, வேட்டைக்காரர்களை அந்தக் காட்டு யானைகளிடம் அழைத்துச் செல்கிறான். அவற்றின் சுதந்திரம் பறிபோவதைப் படம் ஒரு வெற்றியாகவே காட்டுகிறது. அக்காலத்தின் பார்வை அது.

படத்தின் எஞ்சிய பகுதிகளை இங்கிலாந்தில் டென்ஹாம் அரங்கில் ஜோல்டான் கோர்டா முடித்தார். மைசூரின் ஆறும் காடும் நிறைந்த காட்சிகளுக்கும் அரங்கக் காட்சிகளுக்கும் இடையிலான ஒட்டு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. எனினும் 1937 வெனிஸ் விழாவில் இயக்குநர்கள் இருவருக்கும் விருது கிடைத்தது.

தன் அண்ணனுடன் இங்கிலாந்து சென்ற சாபு, 'தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940), 'ஜங்கிள் புக்' (1942) ஆகியவற்றால் உலகப் புகழ் எய்தினார். 1944இல் அமெரிக்கக் குடிமகனாகி, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பணிபுரிந்து பதக்கமும் பெற்றார். 1963 டிசம்பரில், 39ஆம் வயதில், மாரடைப்பால் கலிபோர்னியாவில் காலமானார். திரையில் யானையைப் பிரிய மறுத்துக் காட்டுக்குள் ஓடிய சிறுவன், வாழ்க்கையில் யானைகளைப் பிரிந்தே புகழடைய வேண்டியிருந்தது.

மைசூரு வட்டாரத்தின் கெத்தா யானை வேட்டை, காகனகோட்டையில் 1971ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. அக்காட்டின் ஒரு பகுதி இன்று கபினி அணையின் நீருக்குள் இருக்கிறது. தசராவுக்குப் பல வாரங்கள் முன்னரே வன முகாம்களிலிருந்து யானைகள் மைசூரு அரண்மனைக்கு வருகின்றன. பாகர்களின் குடும்பங்களும் உடன் வந்து வளாகத்திலேயே கூடாரங்களில் தங்குகின்றன. அந்தப் பிள்ளைகளின் படிப்பு தடைபடாதிருக்க, அங்கேயே தற்காலிகப் பள்ளி நடத்தப்படுகிறது. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தம் தந்தையரின் யானைகளிடம் ஓடுகின்றனர்.