மேற்பார்வையும் நம்பிக்கையும்

மேற்பார்வை என்றதும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கங்காணியின் நினைவே முதலில் வரும். சமூகநலப் பணியில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. புதிதாகச் சேர்ந்த ஊழியர், தாம் கவனித்துவரும் குடும்பங்களைப் பற்றி மூத்தவர் ஒருவருடன் குறித்த நாளில் அமர்ந்து பேசித் தெளிவு பெறுவதையே அங்கு மேற்பார்வை என்பர்.

அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் கடூஷின் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மேற்பார்வையாளரின் கடமைகளை நிருவாகம், கல்வி, ஆதரவு என மூன்றாகப் பகுத்தார். இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. ஆதரவு தருகின்றவரே மதிப்பீட்டு அறிக்கையும் எழுதுகிறார். அவரிடம் தம் தவற்றைச் சொல்லப் புதியவர் அஞ்சுவது இயல்பன்றோ?

அந்த அச்சம் எவ்வாறெல்லாம் வேடமிடும் என்பதை அவரே 1968-இல் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். சிலர் மேற்பார்வையாளரைப் புகழ்ந்தே காலம் கழிப்பர். சிலர் நீண்ட கேள்விப் பட்டியலுடன் வந்து, அவரையே பேசவிட்டுத் தாம் தப்பித்துக்கொள்வர். மேற்பார்வையாளரும் இளைத்தவரல்லர்; மாற்றுக் கருத்துச் சொன்னவரின் மனத்திலேதான் கோளாறு என்று திருப்பிவிடுவாராம்! (தலைமையாசிரியர்களுக்கும் இக்கலை தெரியும்.)

இதனால் துன்புறுவது யார்? ஊழியர் ஒரு வீட்டிற்குச் செல்கிறார். குழந்தையின் கையில் காயம். விழுந்துவிட்டான் என்கிறாள் தாய். அதை நம்பித் திரும்பியவருக்கு இரவில் ஐயம் எழுகிறது. மறுநாள் மேற்பார்வையாளரிடம் "நான் சரியாக விசாரிக்கவில்லை" என்று சொல்ல முடிந்தால், அன்றே அவ்வீட்டிற்கு மீண்டும் செல்லலாம். சொல்ல முடியாவிட்டால், குறைவொன்றுமில்லை என்றே பதிவேடு கூறும்.

ஆகவே முதற் சந்திப்பிலேயே மூன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். இருவருக்குள் நிற்பது எது? குழந்தைக்கு ஆபத்து என்பது போன்று, மேலிடத்திற்குச் சொல்லியே தீரவேண்டியது எது? அறிக்கையில் ஏறுவது எது? எதையும் வெளியிடேன் என்ற வாக்குறுதி கேட்க இனிமையானது. ஆனால் காப்பாற்ற முடியாதது. பின்னர் அது முறிந்தால், முன்னிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

பயிற்சி ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் நான் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதியதுண்டு. அவர் விரலில் சுண்ணக்கட்டி நடுங்கியது. பாடம் முடிந்ததும் குறிப்பேட்டை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். இரு வரிகளை மறுத்தார், ஒன்றை அடித்துவிட்டேன். அடுத்த வாரம் அவரே என் அறைக்கு வந்தார். "ஐயா, பின்னக் கணக்குப் பாடம் எனக்கு வரவில்லை. நாளை வந்து பாருங்கள்" என்றார்.