பொழுது சாய்ந்தால் தூங்கிப்போன கேமரா

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாசம். காலையில் மோட்டார் போடப் போனேன். ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் போரிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டி வரைக்கும் இருந்த கேபிளை ராத்திரியே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எல்லாம் உள்ளே இருக்கிற செம்புக்காகத்தான். எடைக்குப் போட்டவனுக்கு என்ன கிடைத்ததோ தெரியாது. புதுக் கேபிள் வாங்கி, ஆள் வந்து மாட்டித் தண்ணீர் எடுக்க எனக்கு நாலு நாள் ஆனது. ஜீவாமிர்தம் ஊற்றி ஊற்றி வளர்த்த கத்தரி, மிளகாய் நாற்றங்கால் அந்த நாலு நாள் வெயிலில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த வேதனை உங்களில் பலருக்கும் புதுசு இல்லை.

அதற்குப் பிறகுதான் கேமரா வைத்தேன். முப்பத்தி மூன்று வருஷம் வங்கியில் இருந்தேன். அங்கே நான் கேமராவைப் பார்த்ததே இல்லை, அதுதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டவுனிலிருந்து ஆள் வந்தார், சாளையிலிருந்து போர் வரைக்கும் 85 மீட்டர் லேன் ஒயர் இழுத்தார், மாட்டினார், செல்போனில் படம் காட்டினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி மாசம் மறுபடியும் கேபிள் போனது. ரிக்கார்டரைப் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் 6.40 வரைக்கும் படம் இருக்கிறது. அதற்கப்புறம் கறுப்பு. காலை 6 மணிக்குத் திரும்பப் படம் வருகிறது. முந்தின நாளும் அப்படித்தான், அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். பகலில் மட்டும் விழித்திருக்கிற காவல்காரனுக்கு இரண்டு மாசம் சோறு போட்டிருக்கிறேன்! ராத்திரி ஒரு தடவை எழுந்து செல்போனில் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்காதது என் தப்புதான்.

ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் தம்பி ஒருத்தர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மத்தியானம் வந்து, கேமரா பக்கத்து முனையில் அளந்தார். “மேனேஜரய்யா, சாளையில 12 வோல்ட் போடுறீங்க, இங்க ஒம்பதரைகூட இல்லீங்க” என்றார். இருட்டின பிறகு இன்னொரு தரம் அளந்தார். முள் நிலைகொள்ளவே இல்லை. கேமரா எரிவதும் அணைவதுமாக ஆடிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்குதானே நமக்குத் தெரிந்த தொழில். விஷயம் இதுதான்.

லேன் ஒயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டு இரண்டாக முறுக்கி நாலு ஜோடி இருக்கும். கேமராவின் படத்தைக் கொண்டுபோக இரண்டு ஜோடி போதும். மிச்சமிருக்கும் நீல ஜோடியிலும் பழுப்பு ஜோடியிலும் 12 வோல்ட் அடாப்டரின் கரண்டை அனுப்பிவிடலாம். இதற்கென்றே சின்ன ஜோடி இணைப்பான் கடையில் கிடைக்கிறது, விலையும் குறைவு. என் தோட்டத்தில் மாட்டியிருந்தது அதுதான். பத்து, இருபது மீட்டருக்கு அது ஓடிவிடும். வீட்டு வாசலுக்குப் போதும், தோட்டத்துக்குப் போதாது.

ஏனென்றால் அந்தக் கம்பியின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். 100 மீட்டர் கம்பிக்குச் சுமார் 9 ஓம் தடை. போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி என்பதால் என் 85 மீட்டருக்கு மொத்தம் 8 ஓம் அளவில் வருகிறது. சொட்டுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் அழுத்தம் குறைவாக இருந்து, லேட்டரல் நீளமாக இருந்தால் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாது. வோல்ட் என்பது அழுத்தம், ஆம்பியர் என்பது ஓடும் தண்ணீரின் அளவு, ஓம் என்பது குழாயின் உராய்வு.

என் கேமராவுக்குப் பகலில் சுமார் 3 வாட் போதும். அதுவரைக்கும் 9.4 வோல்ட்டில் எப்படியோ சமாளித்தது. இருட்டினால் கேமராவைச் சுற்றியிருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். அவை நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கரண்டைக் குடிக்கும். அப்போது தேவை 6 வாட் ஆகிவிடுகிறது. வோல்ட் குறைந்தால் கேமரா அதே வாட்டுக்காக அதிக ஆம்பியரை இழுக்கும். அதிக ஆம்பியர் இழுத்தால் கம்பியில் இன்னும் வோல்ட் குறையும். வட்டி கட்டுவதற்காகக் கடன் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இதுவும் அதே கதைதான். 12 வோல்ட்டைக் கொண்டு 8 ஓம் கம்பி வழியாக அந்த முனைக்கு அதிகபட்சம் நாலரை வாட்தான் கொடுக்க முடியும். என்ன பாடுபட்டாலும் 6 வாட் போகாது. கேமரா மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

இதற்குத் தீர்வு அழுத்தத்தைக் கூட்டுவது. பிஓஇ என்று சொல்கிறார்களே, லேன் ஒயரிலேயே மின்சாரம், அது இந்த வேலையைத்தான் செய்கிறது. 12-க்குப் பதில் 48 வோல்ட்டை ஒட்டி அனுப்புகிறது. வோல்ட் நாலு மடங்கானால் அதே வாட்டுக்கு ஆம்பியர் நாலில் ஒரு பங்கு. கம்பியில் வீணாவதோ பதினாறில் ஒரு பங்கு. அதே 85 மீட்டர், அதே ஒயர், அதே 6 வாட்: 48 வோல்ட்டில் போட்டால் வழியில் குறைவது 1 வோல்ட்தான். ஒயரை மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் கேமராவின் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலேயே 12 வோல்ட் என்பதோடு பிஓஇ 802.3 ஏஎஃப் என்றும் அச்சடித்திருந்தது. படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஏஎஃப் என்பது 2003-இல் வந்த தரம். அனுப்பும் முனையில் 15.4 வாட் வரை கொடுக்கும், 100 மீட்டர் தாண்டி அந்தப் பக்கம் சுமார் 13 வாட் நிச்சயம். சாதாரண கேமராவுக்கு அது தாராளம். சுழலும் பெரிய கேமரா என்றால் 2009-இல் வந்த ஏடி தரம், 30 வாட், பாருங்கள். ஆயிரம் ரூபாயை ஒட்டி ஒரு இன்ஜெக்டர் வாங்கிச் சாளையில் வைத்தேன். அன்று ராத்திரியிலிருந்து படம் நிற்கவில்லை.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பிஓஇ என்ற பேரில் இரண்டு சாதி விற்கிறது. தரப்படி செய்தது, முதலில் 10 வோல்ட்டுக்குள் சின்னதாக அனுப்பி, அந்த முனையில் இருப்பது கரண்ட் கேட்கும் பொருள்தானா என்று தட்டிப் பார்க்கும். ஆமாம் என்றால்தான் 48 வோல்ட்டைத் திறக்கும். இன்னொன்று எதையும் கேட்காமல் எப்போதும் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதில் தவறிப்போய் வேறு ஏதாவது சொருகினால் புகைந்துவிடும். பெட்டி மேல் ஏஎஃப் அல்லது ஏடி என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். உங்கள் கேமராவில் பிஓஇ இல்லை என்றால், கேமரா முனையில் 48-ஐ 12 ஆக மாற்றித் தரும் பிரிப்பான் இருக்கிறது. அதிலும் அதே எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒயரிலும் ஏமாற்று உண்டு. செம்பு பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கிறது. வெளியே பார்த்தால் செம்பு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தடை ஒன்றரை மடங்குக்கு மேல் வரும், நாலு தடவை வளைத்தால் ஒடியும். 305 மீட்டர் பெட்டி எதிர்பாராத மலிவில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். தோட்டத்துக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற ஒயர்தான் வேண்டும். சாம்பல் நிற உள்வீட்டு ஒயர் வெயிலில் வெடித்துவிடும்.

மண்ணுக்குள் கறுப்புக் குழாய் போட்டு அதற்குள் ஒயரை விட்டிருக்கிறேன். எலி, அணில் இரண்டுக்கும் இது நல்லது. ஒன்றரை அடி ஆழமாவது போகவேண்டும், இல்லாவிட்டால் ரொட்டவேட்டர் ஓட்டும் அன்று தெரியும். மோட்டார் கேபிள் போகும் குழாய்க்குள் இதை விடவே கூடாது. கேமரா முனையில் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விட்டால், மழைத் தண்ணீர் ஒயர் வழியே பெட்டிக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். பெட்டி ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், எறும்புக்கு அந்த வெதுவெதுப்பு ரொம்பப் பிடிக்கும்.

“போர்கிட்டதான் கரண்ட் இருக்கே, அங்கேயே அடாப்டர் சொருகினா என்னங்க?” என்று வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மோட்டார் கரண்ட் நேரம் காலம் பார்த்து வருவது, அதை நம்பிக் காவல் வைக்க முடியாது. திருடன் ஃபியூஸைப் பிடுங்கினால் கேமராவும் சேர்ந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. ஈரத்தில் 230 வோல்ட் கசிந்தால் மாடு நம்மைவிடச் சீக்கிரம் சாயும். 48 வோல்ட்டில் அந்தப் பயம் இல்லை. இப்போது கேமரா, இன்ஜெக்டர், ரிக்கார்டர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 30 வாட்டுக்குள்தான், சாளை இன்வெர்ட்டரிலேயே ஓடுகிறது. 150 ஏஹெச் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் ராத்திரி முழுக்கத் தாங்கும்.

போன வருஷம் தென்னந்தோப்பு மூலைக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அது 180 மீட்டர். லேன் ஒயருக்கு எல்லை 100 மீட்டர். இங்கே தடங்கல் கரண்டில் இல்லை, 48 வோல்ட் அவ்வளவு தூரமும் போகும். படத்தின் தகவல்தான் தேய்ந்துவிடும். நடுவில் எக்ஸ்டெண்டர் வைக்கலாம். அது ஒயரிலிருந்தே தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொள்ளும். நான் வேறு வழியில் போனேன். கேமராவுக்கென்றே வரும் பிஓஇ ஸ்விட்ச்சில் ‘எக்ஸ்டெண்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாகக் குறையும், தூரம் 250 மீட்டர் வரை சொல்கிறார்கள். ஒரு 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் போதும். அசல் செம்பு ஒயரில் ஒரு வருஷமாக ஓடுகிறது. அலுமினிய ஒயரில் இதை முயல வேண்டாம். முன்னூறு மீட்டருக்கு மேல் என்றால் ஒயரை மறந்துவிட்டு, சோலாரும் சிம் கார்டும் வைத்த கேமரா வாங்குவதே மேல்.

இடிக்கும் வழி செய்யுங்கள். நீளமான ஒயர் இடிக்கு அழைப்பிதழ் மாதிரி. ஐப்பசியில் பக்கத்துக் காட்டுத் தென்னையில் இடி விழுந்தபோது என் ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் போனது. அதன் பிறகுதான் இரண்டு முனையிலும் சர்ஜ் தடுப்பான் போட்டு, ஒழுங்காக எர்த் கொடுத்தேன். எர்த் இல்லாத தடுப்பான் வெறும் பெட்டி.

கடைசியாக ஒன்று. கேமரா மாட்டின மறுநாள் களை எடுக்க வந்த அக்காமார் தயங்கி நின்றார்கள். “எங்களையா பாக்கறீங்க?” என்று ஒருத்தர் கேட்டே விட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செல்போனை அவர்கள் கையிலேயே கொடுத்து, எது தெரிகிறது, எது தெரியாது என்று காட்டினேன். அவர்கள் சோறு சாப்பிட உட்காரும் வேப்பமரம் மூலையில் தெரிந்தது. ஏணி போட்டுக் கேமராவை அந்தப் பக்கம் விழாதபடி போரை நோக்கித் திருப்பினேன். அதற்கப்புறம் ராத்திரி ஏழரைக்கு மல்டிமீட்டரோடு போய் இன்னொரு தடவை அளந்தேன். 47 வோல்ட் இருந்தது.