கைப்பேசியும் மறைபேழையும்

மறைந்து கிடக்கும் பொருளொன்றைத் தேடிக் காண்பதில் மக்களுக்கு இளமை தொட்டே பெருவேட்கை உண்டு. சிறுவர் ஆடும் கண்ணாமூச்சியும், புதையலைப் பற்றிய பழங்கதைகளும் இவ்வேட்கையிற் பிறந்தனவேயாம். இதனை விண்ணிற் சுழலும் செயற்கைக்கோள்களோடு பிணைத்த விளையாட்டொன்று இக்காலத்தே பல நாடுகளிற் பரவியுள்ளது. ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். ஒருவர் ஒரு சிறு பேழையை வெளியிடத்தே மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவிப்பார். பிறர் அவ்வெண்களைத் தம் கைப்பேசியிற் பதித்துக்கொண்டு தேடிச் சென்று, பேழையினுள் இருக்கும் ஏட்டில் தம் பெயரை எழுதி, அதனை இருந்தவாறே மறைத்துவைத்துத் திரும்புவர். இவ்விளையாட்டின் முறையினையும், இதிற் கைப்பேசியை எத்துணை நம்பலாம் என்பதனையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முன்னாளில் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்கள் பெறும் ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி வந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாகாணத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரினருகே, ஒரு கரிய வாளியிற் சில பொருள்களையும் குறிப்பேடொன்றையும் இட்டு மறைத்து, அவ்விடத்தின் எண்களை வெளியிட்டார். கண்டெடுப்போர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துச் செல்லலாம் என்பதே அவர் வகுத்த விதி. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதனைக் கண்டுபிடித்தார். விளையாட்டும் வேரூன்றிற்று.

இனி, கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அறிவது எங்ஙனம்? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. தன் இடத்தையும் தான் செய்தி விடுத்த நேரத்தையும் ஒவ்வொன்றும் ஓயாது அறிவித்துக்கொண்டேயிருக்கும். ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் அச்செய்தி வந்துசேரக் கழிந்த காலத்தைக்கொண்டு, கைப்பேசி அக்கோளின் தொலைவைக் கணிக்கின்றது. மூன்று கோள்களின் தொலைவு தெரியின் இடம் புலனாகுமன்றோ எனின், கைப்பேசியின் கடிகாரம் அத்துணைத் திருத்தமுடையதன்று. விநாடியிற் பத்துலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும் தொலைவு 300 மீட்டர் பிறழும். ஆதலின் கடிகாரப் பிழையையும் உடன் கணித்தற்பொருட்டு நான்காவது கோள் வேண்டப்படுகின்றது.

இதினின்று மற்றோர் உண்மையும் பெறப்படும். கைப்பேசி செயற்கைக்கோளுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போலக் கேட்கமட்டுமே செய்கின்றது. ஆகவே தொலைபேசிக் கோபுரம் எட்டாத காட்டிலும் அது இடங்காட்டும். முதன்முறை இடத்தை அறியச் சிறிது காலம் மிகுதியாகலாம், அவ்வளவே. ஆனால் நிலப்படம் இணையத்தின் வழியே வருவதாகலின், அதனைப் புறப்படுமுன்னரே கைப்பேசியிற் சேமித்துக்கொள்ளல் வேண்டும். மின்கலத்தையும் நிறைத்துக்கொள்ளல் நன்று.

எண்களைப் பதிப்பதிலும் விழிப்பு வேண்டும். அல்மர் வைத்த வாளியின் அட்சரேகை வடக்கு 45 பாகை 17.460 கலை. பாகையொன்றுக்கு 60 கலை. இதனை அறியாது ஒருவர் 45.17460 பாகை எனப் பதிப்பாராயின், அவர் உரிய இடத்திற்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தெற்கே சென்று நிற்பர்! கருவி அவரை ஏமாற்றிற்றில்லை. அவர் கேட்ட இடத்தையே அது காட்டிற்று.

முறைப்படி பதித்தாலும் பேழையின்மீதே கொண்டுபோய் நிறுத்துங்கொல்? நிறுத்தாது. திறந்த வெளியிற்கூடக் கைப்பேசி காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீட்டர் பிறழ்தல் இயல்பு. பேழையை வைத்தவரின் கருவிக்கும் அக்குறை உண்டாதலின், இரு பிழைகளுஞ் சேர்ந்து 10 மீட்டர் ஆதலுங் கூடும். அடர்ந்த மரங்களும் செங்குத்தான பாறைகளும் உயர்ந்த கட்டிடங்களும் அலைகளை மறைத்தும் சிதறியும் பிழையை மேலும் பெருக்கும். அருகே இரும்பிருப்பின் திசைகாட்டும் முள்ளும் தடுமாறும். புதிதாகத் தேடுவோர் பலர், முள் இப்பாற் சாய்ந்தால் இப்பாலும், அப்பாற் சாய்ந்தால் அப்பாலும் ஓடி அலுத்துப்போவர். தேர்ந்தவரோ பத்து மீட்டர் அளவில் நெருங்கியவுடன் கைப்பேசியைப் பையிலிட்டுச் சுற்றும் நோக்குவர். இயற்கைக்கு மாறாக அடுக்கப்பட்ட கல் உண்டா? மரப்பொந்து உண்டா? ‘நாம் மறைப்பதாயின் எங்கே மறைப்போம்?’ என்று தம்மையே வினவுவர். பேழை பெரும்பாலும் இவ்வினாவிற்கே அகப்படும்.

கருவி அறியாதன பிறவும் உள. பேழை இருக்குந் திசையை நேர்கோட்டில் அது காட்டுமேயன்றி, இடையிலுள்ள பள்ளத்தையோ பிறர் நிலத்தின் வேலியையோ கருதுவதில்லை. திரையை நோக்கியவாறே நடப்போர் கால் தவறி விழுதல் எளிது. 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வெதர்பி என்னும் ஊரில், ஒருவர் ஒரு சிறு பெட்டியைக் கையாளுதல் கண்டோர் ஐயுற்றுக் காவலருக்கு அறிவித்தனர். படைத்துறை நிபுணர் வந்து அப்பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தனர். அது விளையாட்டுப் பேழையே என்பது பின்னரே தெரிந்தது. எங்கே வைப்பது தகும், எங்கே தகாது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் கற்பியாது. நிலத்துக்குரியாரின் இசைவு பெறுதலும், மக்கள் அஞ்சத்தக்க இடங்களை விலக்குதலும் விளையாடுவோரின் கடன்.

நண்பர்காள்! இருபதினாயிரங் கிலோமீட்டர்க்கு அப்பாலிருந்து வருஞ் செய்தி நம்மைப் பேழைக்குப் பத்து மீட்டர் அளவிற் கொண்டுவந்து விடுதல் பெருவியப்பே. எனினும் எஞ்சிய அப்பத்து மீட்டரை நம் கண்ணுங் கருத்துமே கடத்தல் வேண்டும். கருவியின் எல்லையை அறிந்து அதனைக் கைக்கொள்வோனுக்கே அது துணையாம். அறியாதானை அது அலைக்கழிக்கும். ஈதொரு சிறு விளையாட்டேயாயினும், இவ்வுண்மையை நமக்குத் தெளிவுற உணர்த்துகின்றது.