ஐயரிடம் சபை எதிர்பார்ப்பது

தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயத்தில் புதிய போதகர் (சபையார் ‘ஐயர்’ என்று அழைப்பவர்) ஒரு சேகரத்துக்கு, அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளுக்கு, மாற்றலாகி வந்தால், சபையார் முதலில் எடை போடுவது அவருடைய பிரசங்கத்தைத்தான். ஆறு மாதம் போனால் பேச்சு மாறிவிடும். ஐயர் வீட்டுக்கு வந்தாரா, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எட்டிப் பார்த்தாரா, காணிக்கைக் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

இந்த எதிர்பார்ப்புக்கு வேதாகமத்திலேயே ஆதாரம் உண்டு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் சபைத் தலைவருக்கான தகுதிகள் வரிசையாக வருகின்றன. போதிக்கும் திறமை அதில் ஒன்றே ஒன்று. பண ஆசை இல்லாமை, குடிக்கு அடிமையாகாமை, விருந்தோம்பல், சண்டைக்குப் போகாத குணம், குடும்பத்தை நன்றாக நடத்துதல், சபைக்கு வெளியே உள்ளவர்களிடம் நற்பெயர் என மற்றவை பெரும்பாலும் நடத்தையைப் பற்றியவை.

நடைமுறையில் கடினமானவை பணமும் பாரபட்சமின்மையும்தான். இந்தப் பகுதியில் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இந்தச் சபைகளுக்குப் போதகரை நியமிப்பதும் மாற்றுவதும் பேராயம். ஆனால் சேகரக் கமிட்டிக்குத் தலைவர் போதகரே. சந்தா கட்டியவர்கள் ஓட்டுப்போட்டு கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் வந்தால் சொந்தபந்தம், சாதி, பழைய பகை எல்லாம் தலைதூக்கும். ஒரு கோஷ்டியின் வீட்டில் மட்டும் சாப்பிட்டுவரும் ஐயருக்கு மற்ற கோஷ்டியிடம் மரியாதை போய்விடும்; அப்புறம் அவர் எவ்வளவு நன்றாகப் பிரசங்கித்தாலும் எடுபடாது.

வீடு சந்திப்பதும் எளிதல்ல. ஆம்பூர்ப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளுக்குப் போகும் குடும்பங்களில் பகலில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். கம்பெனி பஸ் திரும்பி வந்து, சமையல் முடிந்த பிறகுதான் வீடு சந்திக்க முடியும். தன் வசதிக்குப் பகல் பதினொரு மணிக்குக் கிளம்புகிற போதகர் பூட்டிய கதவுகளைத்தான் சந்திப்பார்.

வேலூரை அடுத்த பாகாயத்தில் கதையே வேறு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) கல்லூரி வளாகமும் மனநல மையமும் புனர்வாழ்வு நிலையமும் இங்கே இருக்கின்றன. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கிருந்தோ வரும் நோயாளிகளில் பலர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவர்களிடம் போகும் மருத்துவமனைப் போதகருக்குப் பேச்சைவிடக் காதுதான் முக்கியம். இதற்கென்றே ஒரு பயிற்சி முறை உண்டு. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் 1925இல் ஒரு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைக் கொண்டு தொடங்கியது அது. நோயாளியோடு நடந்த உரையாடலைப் பயிற்சி பெறுபவர் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, குழுவின் முன் வாசிக்க வேண்டும். “வீட்டுக்குப் போவேனான்னே தெரியல” என்று நோயாளி சொல்ல, “கர்த்தர் சுகம் தருவார்” என்று அவசரமாகப் பதில் சொல்லியிருந்தால் குழு அங்கே நிறுத்திவிடும். அந்தப் பதில் யாருடைய பயத்தை அடக்கியது, நோயாளியினுடையதையா, போதகருடையதையா என்ற கேள்வி எழும்.

கத்தோலிக்கப் பங்குத்தந்தைக்கு இல்லாத ஒரு சோதனையும் போதகருக்கு உண்டு: குடும்பம். போதகரின் மனைவியான ஐயரம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்த வேண்டும், ஓய்வுநாள் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பிள்ளைகள் பரீட்சையில் மார்க் குறைந்தாலும் சபையில் பேச்சாகிவிடும். பவுல் கேட்டதைவிட இது அதிகம். போதகரே பெண்ணாக இருந்தால் இந்த வேலைகளை அவருடைய கணவரிடம் யாரும் கேட்பதில்லை. 2013இல் புஷ்பா லலிதா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரான பிறகும் அதில் பெரிய மாற்றமில்லை.

சனிக்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, நடுவில் எப்போது வேண்டுமானாலும் அடக்க ஆராதனை என்று ஓடுகிறவருக்குத் திங்கட்கிழமை ஒருநாளாவது ஓய்வு வேண்டும். அவசரமில்லாத விஷயத்துக்கு அன்றைக்கு அவருக்குப் போன் போடாமல் இருக்கலாம்.